ஆறு எங்கே கொண்டுபோய் வைக்கும்

நவ்பர் மீன் நிற்காத இடத்தில் தூண்டில் வீசிக்கொண்டிருந்தார்.

இந்த வருடம் மாசி மாதத்தில் ஒரு காலை. தெல்தெனியவுக்கு மேலே, மலையிலிருந்து இறங்கிவந்து விக்டோரியா நீர்த்தேக்கத்தில் சேரும் சிற்றாறு, ஓயா என்பார்கள். வெயில் இன்னும் தண்ணீரைத் தொடவில்லை. கால் விறைத்தது. மேலே பெரிய கல்லொன்றின் பின்னால் ஓட்டம் இரண்டாகப் பிரிந்து, வேகத் தண்ணீரும் மந்தத் தண்ணீரும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு ஓடின. மீன் நிற்பதானால் அந்த உரசலில்தான் நிற்கும். இருபது வருடமாக ஆற்றில் நிற்கும் மனிதருக்கு இது தெரியாமல் இருக்காது.

அவரோ கீழ் வளைவில் நின்றார். வெள்ளம் கொண்டுவந்து குவித்த மூங்கில் புதர், நெளிந்த தகரம், யாரோ ஒருவருடைய கதவு நிலை. அவற்றின் அடியில் தண்ணீர் பச்சையாகத் தேங்கிக் கிடந்தது. செத்த இலைகள் ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தன.

"நவ்பர், அங்க ஒண்டும் நிக்காது. மேல வாங்கோ."

"தெரியும் டொக்டர்" என்றார். திரும்பிப் பார்க்கவில்லை.

அவருடைய பார்வை தூண்டில் நுனியில் மிதக்கும் பொய் ஈயில் இல்லை. மூங்கிலுக்கு அடியில் இருந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது, அவர் மீன் பிடிக்க வரவில்லை என்று.

இந்தத் தொடரில் இதுவரை ஆஸ்பத்திரிகளையும் பற்களையும் பற்றியே எழுதி வந்தேன். ஆற்றைப் பற்றி எழுதும்படி வாசகி ஒருவர் கேட்டிருந்தார். சந்தோஷமான ஓர் அத்தியாயமாக எழுதலாம் என்று நினைத்துத் தள்ளிவைத்திருந்தேன். இனி அப்படி எழுத வராது. நவ்பரிடம் கேட்டேன். "எழுதுங்க டொக்டர், அவட பேரையும் போடுங்க" என்றார்.

அவருடைய மனைவியின் பெயர் சித்தி மசூதா.

பல் வைத்தியரின் ஈக்கள்

ஈத்தூண்டில் என்பது நவ்பர் வைத்த பெயர். புழுவோ பாண் உருண்டையோ இல்லாமல், நூலும் இறகும் கட்டிய பொய் ஈ ஒன்றைத் தண்ணீரில் மிதக்கவிட்டு மீனை ஏமாற்றும் வேலை. தூண்டிலில் பாரம் கிடையாது. கயிற்றின் பாரத்தைக் கொண்டே ஈயை எறிய வேண்டும். கை பழக ஒரு வருடம் எடுக்கும். மனம் பழக இன்னும் கூட.

நான் அதைப் பழகியது நுவரெலியாப் பக்கத்தில், என் முதல் நியமனத்தில். யாழ்ப்பாணத்துப் பெண் நான். அந்தக் குளிரில் விடுதி அறைக்குள் அழுதுகொண்டிருந்தவளை, கூட இருந்த டொக்டர் பெண்ணொருத்தி தன் தகப்பனின் தூண்டிலோடு ஓடைக்கு இழுத்துப் போனாள். அங்கே ட்ரவுட் மீன் இருந்தது. வெள்ளைக்காரன் கப்பலில் முட்டையாகக் கொண்டுவந்து விட்ட மீன். குளிர்ந்த தண்ணீர் இல்லாவிட்டால் செத்துப்போகும். என்னைப்போலவே ஊர் மாறி வந்தது என்று நினைத்ததோ என்னவோ, அதன்மேல் ஒரு பிரியம் உண்டாயிற்று.

கண்டிக்கு மாற்றலாகி வந்தபோது ட்ரவுட் கூட வரவில்லை. இந்தச் சூட்டில் அது வாழாது. ஆனால் இங்கே லெஹெல்லா இருந்தது. கெண்டைச் சாதி. பொன்னிறம், பெருவிரல் நகத்தைவிடப் பெரிய செதில், பிடிபட்டால் ஆற்றையே இழுத்துக்கொண்டு ஓடும் பலம். ட்ரவுட்டுக்குச் செய்வதையே இதற்கும் செய்யலாம், ஈயைக் கொஞ்சம் பெரிதாகக் கட்டினால் போதும்.

ஈ கட்டுவதற்குப் பல் வைத்தியத்தைப் போல உதவும் தொழில் வேறில்லை. இடுக்கி, சின்னக் கத்தரிக்கோல், பல்லிடுக்குச் சுத்தம் செய்யும் மெழுகு நூல் எல்லாம் மேசையிலேயே கிடக்கும். ஒருநாள் திகனயில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் ஒருவர் கடைவாய்ப் பல் வலியோடு வந்து கதிரையில் சாய்ந்தார். வாய் நிறையப் பஞ்சு. தட்டில் நான் அரைகுறையாகக் கட்டி வைத்திருந்த ஈயைக் கண்டதும் எழும்பப் பார்த்தார். பேச முடியாது. கையை உயர்த்தி, முன்னும் பின்னும் வீசி, மீன் கவ்வுவதுபோல மற்றக் கையால் பிடித்துக் காட்டினார். அவருக்கும் இதே பைத்தியம் என்று அப்படித்தான் எனக்குத் தெரிந்தது. அவர்தான் நவ்பர்.

நானும் அவரும் தனியே ஆற்றுக்குப் போனால் ஊர் என்ன சொல்லும்? முதல் சில தடவைகள் மசூதாவும் வந்தாள். கல்லொன்றில் குடையை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பிடித்த மீனை நாங்கள் ஈரக் கையால் தாங்கித் திரும்பவும் ஆற்றில் விடுவதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு அடங்காது.

"புடிச்ச மீன உடுறதுக்கு ஒரு டொக்டரும் ஒரு முதலாளியுமா? அது வீட்டில நிம்மதியாத்தானே ஈந்திச்சி!"

பிறகு அவள் வருவதை நிறுத்திக்கொண்டாள். சீனிச் சம்பல் வைத்த பணிஸ் பார்சல் மாத்திரம் தவறாமல் வரும், எனக்கு வேறாக, உறைப்புக் குறைத்து. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஓயாவுக்கு மேலே, சரிவில், நவ்பரின் வாப்பா கட்டிய வீட்டில் இரண்டு பேருமாக இருந்தார்கள்.

மாசித் தண்ணீர்

நல்ல பருவம் எதுவென்று கேட்பவர்களுக்கு நான் மாசி, பங்குனி என்பேன். மார்கழி மழை ஓய்ந்து ஆறு வற்றித் தெளியும் காலம். அடியில் கிடக்கும் கல்லின் வரி தெரியும். ஆனால் நமக்கு மீன் தெரிந்தால் மீனுக்கும் நம்மைத் தெரியும். ஆகவே வெள்ளைச் சட்டை கூடாது. நிழல் முன்னால் விழக்கூடாது. மீன் ஓட்டத்தை எதிர்த்து மேலே பார்த்தபடி நிற்கும், அதனால் கீழிருந்து, முதுகுப் பக்கமாக, கல்லை உருட்டாமல் போக வேண்டும். முதல் வீச்சுத்தான் வீச்சு. அது பிசகினால் அந்த மடுவை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவது நல்லது. கோடை மழை ஒன்று தூறி ஓய்ந்த பின்னேரம், ஈசல் கிளம்பும் நேரம், கற்றுக்குட்டிக்குக்கூட மீன் எழும்பும்.

இதெல்லாம் எனக்கு வரும். தண்ணீரை வாசிப்பதில் மாத்திரம் நவ்பர் என்னைவிடத் தேர்ந்தவர்.

"நொரைய பாருங்க டொக்டர். நொர போற வழியிலதான் சாப்பாடும் போகும். ஆறு எல்லாத்தையும் கொண்டு போகும், ஆனா எல்லாத்தையும் ஒரே எடத்தில வெக்காது. பாரமானத மொதல்ல போட்டிரும். லேசானத வளைவுக்குக் கொண்டுபோகும்."

அவர் சொன்னால் சொன்ன இடத்தில் மீன் இருக்கும்.

இந்த மாசியில் எங்களுக்குத் தெரிந்த ஒரு மடுகூட மிஞ்சியிருக்கவில்லை. ஆள் ஆழம் இருந்த இடத்தில் மணல் முழங்காலுக்கு நின்றது. வீட்டளவு கற்கள் இடம் மாறிக் கிடந்தன. இரண்டு கரையிலும் மலை உரிந்து, சிவப்பு மண் பச்சைப் புண்போல வெயிலில் காய்ந்தது. அந்த உரிவுகளில் ஒன்றில்தான் நவ்பரின் வீடு இருந்தது.

மண் வாசம்

போன கார்த்திகைக் கடைசி மழையைப் பற்றி இந்தப் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒவ்வொருவரிடமும் ஒரு கதை இருக்கிறது. நவ்பரின் கதை இது.

அவர் அன்று திகனயில், கடைக்குள் வந்த தண்ணீரில் சீமெந்து மூட்டைகளை மேலே ஏற்றிக்கொண்டிருந்தார். மசூதா போன் எடுத்தாள். கரண்ட் இல்லை என்றாள். பூனை உள்ளே வர மறுக்கிறது என்றாள்.

"தண்ணி இங்க வரல்ல. ஆனா மண் வாசமொண்டு வருது. பச்ச மண் வாசம். ஊடு முழுக்க."

"ஒடனே கீழ எறங்கி ரோட்டுக்கு வா" என்று இவர் கத்தினார்.

"சரி, ஹிஜாப உடுத்திட்டு வாறேன்."

பிறகு லைன் இல்லை. ரோட்டும் இல்லை. மரம் விழுந்த இடங்களில் ஏறி இறங்கி, நடந்தே அவர் போய்ச் சேர்ந்தபோது வீடு இருந்த இடத்தில் ஆகாயம்தான் இருந்தது. பின்னால் இருந்த பலா மரம் கீழே ஆற்றில் நட்டுக்க நின்றது, அங்கேயே முளைத்ததுபோல.

மண்ணுக்குள்ளிருந்து அயல் வீட்டார் இருவரின் ஜனாஸாக்கள் கிடைத்தன. மசூதா கிடைக்கவில்லை. மண் தோண்டும் இயந்திரங்கள் வந்தன, படகுகள் வந்தன, நாய்கள்கூட வந்தன. பள்ளிவாசல் ஆட்களும் பன்சலை விகாரையில் தங்கியிருந்தவர்களும் கயிறு பிடித்துத் தேடினார்கள். ஒருநாள் தேடுவதை நிறுத்தினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, இன்னும் எத்தனையோ இடம் அவர்களுக்குப் பாக்கி இருந்தது.

நவ்பர் திகனயில் அவருடைய மூத்த சகோதரி ஹாஜரா ராத்தாவின் வீட்டுக்குப் போனார். மௌலவி வந்து, ஜனாஸா இல்லாவிட்டாலும் இறந்தவருக்கான தொழுகையைத் தொழலாம், மறைவானவர்களுக்கும் தொழுகை இருக்கிறது என்று எடுத்துச் சொன்னார். நவ்பர் மறுத்துவிட்டார்.

"ஆளக் காணாம எப்பிடி மவுத்துன்னு செல்றது? என்னால ஏலா."

அதற்குப் பிறகு அவர் இரவில் நித்திரை கொள்வதில்லை என்று ராத்தா எனக்குப் போனில் சொன்னார். வாசல் பக்கம் முகத்தை வைத்தபடி கதிரையில் இருப்பாராம். மாசியில் ஒருநாள் அவரே போன் எடுத்து, "டொக்டர், ஆத்துக்குப் போவோமா?" என்றார். மனுஷன் மீண்டுவிட்டார் என்று நான் சந்தோஷப்பட்டேன்.

வளைவுகள்

அந்தக் காலை அவர் பக்கத்தில் போய் நின்றேன். பச்சைத் தண்ணீர் என் இடுப்புக்கு வந்தது.

"அவவைத் தேடுறீங்கள், என்ன?"

ஓயாவைப் பார்த்தபடியே தலையாட்டினார். "மிசின் மண்ணத்தான் கிண்டிச்சி டொக்டர். ஆத்த அவங்க வாசிக்கல்ல. மசூ லேசான ஆளு. வளைவுக்குத்தான் வந்தீப்பா."

மீனைக் கண்டுபிடிக்க நாங்கள் இருவரும் வருடக்கணக்காகச் சேர்த்துவைத்த வித்தை எல்லாவற்றையும் அவர் இதற்குத் திருப்பியிருந்தார்.

"அப்ப தூண்டில் எதுக்கு?"

"சும்மா வந்து கம்பால குத்திக்கொண்டு நிண்டா ஆக்கள் பைத்தியம்பாங்க. தூண்டில் ஈந்தா ஒருத்தரும் கேக்க மாட்டாங்க."

இங்கே நான் என் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எனக்கு ஓர் அண்ணா இருந்தார். யுத்த காலத்தில் சைக்கிளில் சந்தைக்குப் போனவர் திரும்பி வரவில்லை. இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டியை அவருக்குச் செய்ய அம்மா கடைசிவரை சம்மதிக்கவில்லை. அப்பா கேட்டார், குருக்கள் கேட்டார், நாங்கள் கெஞ்சினோம். அம்மா அவருடைய சேர்ட்டுகளைத் தோய்த்து, ஸ்திரிக்கை போட்டு, அலுமாரியில் அடுக்கினா. கதவு தட்டும் சத்தத்துக்கெல்லாம் எழும்பினா. அப்படியே கிழவியாகி, அப்படியே போய்ச் சேர்ந்தா. கண்டியில் என் வீட்டில் இருந்த கடைசி நாட்களிலும் வாசல் படலை ஓசைப்பட்டால் அவவின் கண் திறக்கும்.

இதை நவ்பரிடம் அன்று நான் சொல்லவில்லை. சொல்ல எனக்கு என்ன உரிமை? அவரோடு நானும் தேடினேன்.

கிளினிக் இல்லாத நாட்களிலெல்லாம் போனோம். சேற்றுக்குள் இறங்கும்படி ஈயின் கழுத்தில் ஈயக்கம்பி சுற்றிப் பாரமாகக் கட்டினேன். நுனி எதிலாவது சிக்கினால் இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு இழுப்போம். வேர் வரும். பொலித்தீன் வரும். ஒருமுறை ஒரு பிள்ளையின் பள்ளிக்கூடச் சப்பாத்து வந்தது. நவ்பர் அதைக் கழுவி, கரையில் கல்லொன்றின்மேல் வைத்தார். யாராவது தேடி வந்தால் தெரியட்டும் என்று.

கரையால் போகிறவர்கள், "மாளு அஹு உணாத?" என்று கேட்பார்கள், மீன் பட்டதா என்று. நவ்பர் இல்லையென்று சிரித்துத் தலையாட்டுவார். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குப் பொறுக்காது.

பங்குனி வந்தது. ஆறு இன்னும் வற்றியது. வளைவு வளைவாக நாங்கள் கீழே இறங்கிக்கொண்டிருந்தோம்.

பெரிய மீன்

கடைசியாக மிஞ்சியது ஓயா நீர்த்தேக்கத்தில் கலக்கும் இடம். நீர்மட்டம் இறங்கி, சேறு பாளம் பாளமாக வெடித்திருந்தது. முன்னொரு காலத்தில் மூழ்கிய மரங்களின் மொட்டைக் கிளைகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. காற்றில்லை. மூக்கைப் பொத்தும் நாற்றம். இதற்குக் கீழே வாசிக்க ஓட்டம் இல்லை, ஏரிதான். இருவருக்கும் அது தெரியும்.

நவ்பர் கிளைகளுக்கு நடுவே பாரமான ஈயை எறிந்து, அடியில் இழுத்தார். சிக்கியது. வழக்கம்போலக் கயிற்றை மெல்ல இறுக்கினார்.

சிக்கியது ஓடத் தொடங்கியது.

சுருளிலிருந்து கயிறு அலறிக்கொண்டு போனது. தூண்டில் வில்லாக வளைந்தது. நவ்பர் ஒரு கணம் திகைத்து நின்றார். பிறகு அவருடைய கைகள் தாமாகவே வேலையைத் தொடங்கின.

"கயித்த விடுங்கோ! நுனிய உயத்துங்கோ!" என்று நான் கத்தினேன். "மரத்துக்குள்ள விடாதேங்கோ!"

"உடமாட்டேன்! பாருங்க, டொக்டர், பாருங்க!"

சேற்றில் ஓடினார். செருப்பு கழன்று புதைந்தது. விழுந்தார், எழும்பினார், தூண்டிலை விடவில்லை. மீன் ஏரிக்குள் ஓடிற்று, திரும்பி வந்தது, தண்ணீருக்கு மேலே ஒரு தடவை பொன்னாகப் புரண்டது. எங்கள் வாழ்நாளில் அப்படியொரு லெஹெல்லாவை நாங்கள் கண்டதில்லை. நவ்பர் சிரித்தார். வாய்விட்டு, முகமெல்லாம் சேறாக, முன்னைய நவ்பராகச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஒருவழியாக அது களைத்துப் பக்கம் சாய்ந்து வந்தது. முழங்காலிட்டு அதை இரு கைகளாலும் தாங்கிக்கொண்டார். செவுள் மெல்லத் திறந்து மூடியது.

"மாஷா அல்லாஹ்" என்றார் மூச்சிரைக்க. "எவ்வளவு பெருசு! இத ஊட்டுக்குப் போய் மசூக்குச் செல்லணும்."

சொன்ன வாய் திறந்தபடியே நின்றது.

நான் பார்த்தேன், அந்த முகத்திலிருந்து ஒவ்வொன்றாக எல்லாம் வடிந்து போனதை. கை மாத்திரம் மீனை விடவில்லை. மீனின் தலையை ஓட்டத்தின் பக்கம் திருப்பி, அதற்கு மூச்சு வரும்வரை பிடித்துக்கொண்டிருந்தார். அது ஒரு தடவை வாலை அடித்தது. பிறகு அங்கே கலங்கல்தான் இருந்தது.

அவர் தண்ணீரிலேயே உட்கார்ந்தார்.

"மறந்துட்டேன் டொக்டர். அவ இல்லாதத நான் மறந்துட்டேன். சிரிச்சேனே."

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். சேறு சட்டைக்குள் இறங்கியது. அண்ணாவைப் பற்றிச் சொன்னேன். சேர்ட்டுகளை, படலையை, அம்மாவை, செய்யாமல் விட்ட அந்தியேட்டியை.

நவ்பர் கேட்டார்: "உங்கட உம்மா கடைசி வரைக்கும் அத செய்யவே இல்லையா?"

"இல்லை."

"செய்யாம ஈந்தது... அவங்களுக்குச் சரி வந்திச்சா?"

பொய் சொல்லியிருக்கலாம். "இல்லை நவ்பர். ஒருநாளும் சரிவரேல்லை."

அவர் ஏரியைப் பார்த்தார். தெல்தெனியப் பக்கம் மேகம் கறுத்து வந்தது. தூண்டிலைத் துண்டு துண்டாகக் கழற்றி உறைக்குள் வைத்தார். வேனில் திரும்பினோம். திகனயில் இறங்கும்போது, "ராத்தாட்டச் செல்லி மௌலவிய வரச் செல்லணும்" என்று மாத்திரம் சொன்னார்.

வெள்ளிக்கிழமை

ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் மசூதாவுக்கான தொழுகை என்று சொல்லியிருந்தார்கள். நான் ஹாஜரா ராத்தா வீட்டில் பெண்களோடு இருந்தேன். பள்ளிவாசல் பக்கத்துத் தெருதான். ஒலிபெருக்கியில் மசூதாவின் பெயரையும் அவளுடைய வாப்பாவின் பெயரையும் சொன்னார்கள். நான்கு முறை தக்பீர் கேட்டது, அல்லாஹு அக்பர் என்று. ஒவ்வொன்றுக்கும் நடுவே நிசப்தம். அந்தத் தொழுகையில் குனிவதில்லை, நெற்றி வைப்பதில்லை, நின்றபடியே முடிந்துவிடும் என்று ராத்தா பிறகு சொன்னார். இவ்வளவு சீக்கிரம் முடியும் ஒன்றையா அவர் இத்தனை மாதம் தூக்கிக்கொண்டு திரிந்தார் என்று எனக்குத் தோன்றியது. உடனே, எல்லாவற்றையும் முடித்துவைக்கும் ஒன்று என்பதால்தானே திரிந்தார் என்றும் தோன்றியது.

மசூதா இன்னும் கிடைக்கவில்லை. இதை எழுதும்வரை கிடைக்கவில்லை.

நவ்பர் திரும்பி வந்தார். தொப்பியைக் கழற்றவில்லை. ராத்தா கொடுத்த பிளேன்டியை இரண்டு மிடறு குடித்துவிட்டு, முன்னறைக் கதிரையில் சாய்ந்தார். யாரோ ஏதோ கேட்டார்கள். பதில் இல்லை. பார்த்தால், நித்திரையாகிவிட்டார். வாய் கொஞ்சம் திறந்து, கழுத்து ஒரு பக்கம் மடிந்து, பட்டப்பகலில், ஆட்கள் நிறைந்த வீட்டில்.

ராத்தா கையைக் காட்டினார். பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். நவ்பரின் கையில் சரிந்துகொண்டிருந்த கோப்பையை நான் எடுத்து வைத்தேன்.

துக்கம் கேட்க ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். கடைத்தெரு முதலாளிமார், அயல் ஊர்ச் சிங்கள ஆட்கள், கயிறு பிடித்துத் தேடியவர்கள். வாசலில் நின்று அவரைக் கண்டதும் சலாமை வாய்க்குள்ளேயே சொல்லிவிட்டு, செருப்பை ஓசைப்படாமல் கழற்றி, முற்றத்தில் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை ஒருவரும் அவரை எழுப்பவில்லை.